சனியின் கணக்கும் புயலின் கணக்கும்

2024 நவம்பர் 26, செவ்வாய்

நேற்று இரவு பிடித்த மழை இன்னும் விடவில்லை. கல்லூரிக்கு விடுமுறை. வங்கக் கடலில் இருப்பது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகிவிட்டது, நாளை புயலாகும், பெயர் ஃபெங்கல் என்று டிவியில் கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது. மதியம் பட்டினச்சேரியிலிருந்து தோழி போன் செய்தாள். படகுகளையெல்லாம் அரசலாற்றுக்குள் கொண்டுவந்து கட்டிவிட்டார்களாம். "அப்பா வலையப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உட்காந்திருக்காங்கடி. எப்ப கரையக் கடக்கும்னு என்னையக் கேக்குறாங்க. நான்தான் கணக்குப் படிக்கிறேன்ல."

நியாயமான கேள்வி. வகைக்கெழுச் சமன்பாடுகளை இந்த செமஸ்டர் முழுக்கப் படித்திருக்கிறோம். இன்றைய நிலை தெரிந்தால், மாறும் வேகத்துக்கான விதி தெரிந்தால், நாளைய நிலை தெரிந்தாக வேண்டும் என்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர். தீர்வு உண்டு, அது ஒன்றே ஒன்றுதான் என்று தேற்றமே இருக்கிறது. காற்றும் தண்ணீரும் நியூட்டன் விதிக்குக் கட்டுப்பட்டவைதானே. பிறகு ஏன் புயல் எங்கே கரை ஏறும் என்று மூன்று நாள் முன்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை?

கடைசி வகுப்பில் மேடம் இதற்கு வழி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். கரும்பலகையில் ஒரே ஒரு வரி. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண்ணை எடு. அதை ஒன்றிலிருந்து கழி. இரண்டையும் பெருக்கி, நாலாலும் பெருக்கு. வரும் விடையை மறுபடி அதே கணக்கில் போடு. "அடுத்த செமஸ்டர்ல டைனமிக்கல் சிஸ்டம்ஸ் விருப்பப் பாடமா எடுக்கலாமான்னு யோசிக்கிறவங்க இதைப் போட்டுப் பாருங்க. அதுக்கு முன்னாடி வேற எதையும் படிக்க வேணாம்."

கரண்ட் போனதும் கால்குலேட்டரை எடுத்தேன். 4×ஆன்ஸ்×(1−ஆன்ஸ்) என்று ஒரு தடவை அடித்துவிட்டால் போதும், பிறகு சமக்குறியை அழுத்த அழுத்த அடுத்தடுத்த எண் வரும். 0.2 என்று தொடங்கினேன். 0.64, 0.9216, 0.2890, 0.8219, 0.5854, 0.9708, 0.1133, 0.4020, 0.9616, 0.1478. பத்து அடி. பக்கத்துப் பத்தியில் 0.201 என்று தொடங்கினேன். ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். 0.6424, 0.9189, 0.2981, 0.8370, 0.5458, 0.9916. இதுவரை இரண்டும் அக்காள் தங்கை மாதிரி சேர்ந்தே வருகின்றன. ஏழாவது அடியில் ஒன்று 0.1133, மற்றது 0.0333. ஒன்பதாவதில் 0.9616-க்கு எதிரே 0.4488. பத்தாவதில் ஒன்று 0.1478, மற்றது 0.9895. ஒன்று தரையில், ஒன்று கூரையில்.

இதில் சீட்டுக் குலுக்கல் எதுவும் இல்லை. ஒரு கழித்தல், இரண்டு பெருக்கல், அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போடும். விதி முழுக்கத் தெரிந்திருக்கிறது, பத்தாவது அடி தெரியவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த இரண்டு பத்திகளையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 28, வியாழன்

புயலாகவில்லை. நேற்று ஆகும் என்றார்கள். இன்று, புயலானாலும் கரையைக் கடக்கும்போது வலுவிழந்துவிடும் என்கிறார்கள். டீக்கடையில் வானிலைத் துறையைத் திட்டித் தீர்க்கிறார்கள் என்று அப்பா வந்து சொன்னார். எனக்கு அந்தத் திட்டு பிடிக்கவில்லை. நம் காரைக்காலிலேயே டாப்ளர் ராடார் இருக்கிறது, செயற்கைக்கோள் இருக்கிறது, இரவு பகலாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவர்கள் சோம்பேறித்தனத்தால் தடுமாறவில்லை. அவர்கள் கையில் இருப்பது என் இரண்டு பத்திகளைப் போன்ற கணக்கு, அதைவிடப் பல கோடி மடங்கு பெரியது.

மேடம் கொடுத்த நகலில் எட்வர்ட் லோரன்ஸ் கதை படித்தேன். 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணினியில் ஒரு சின்ன வானிலை மாதிரியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பழைய ஓட்டத்தை நடுவிலிருந்து மறுபடி பார்க்க நினைத்து, அச்சிட்ட தாளில் இருந்த 0.506 என்ற எண்ணை உள்ளே கொடுத்தார். கணினியின் நினைவில் இருந்ததோ 0.506127. தாளில் மூன்று இலக்கம் மட்டும்தான் அச்சாகும். கொஞ்ச நேரம் பழைய வானிலையும் புது வானிலையும் ஒத்துப்போயின. பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போய்விட்டன. இயந்திரக் கோளாறு என்று ஒதுக்காமல் அதைத் துருவிப் போனார். 1963-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் இருப்பவை மூன்றே சமன்பாடுகள். அந்த மூன்றிலும் இதே குணம்.

அவருக்கும் முன்னால் ஆன்ரி புவான்கரே. 1889-இல் சுவீடன் மன்னர் ஆஸ்கர் அறிவித்த பரிசை வென்றவர். சூரியன் முதலான மூன்று பொருள்கள் ஒன்றையொன்று இழுத்தால் என்ன ஆகும் என்ற ஆராய்ச்சியில்தான் இந்தச் சிக்கலின் முதல் தரிசனம் அவருக்குக் கிடைத்தது. 1908-இல் எழுதிய புத்தகத்தில் வானிலையையே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்கிறார். ஓரிடத்தில் வெப்பம் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு மாறியிருந்தால் புயல் இங்கே அடிக்காமல் வேறெங்கோ அடித்திருக்கும் என்று விளக்குகிறார். அந்த 1908-இல் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1739-இலிருந்து 1954 வரை அவர்கள் இங்கே இருந்தார்கள். அவர்களிடமிருந்து நமக்கு வந்து சேர்ந்தவற்றில் இந்த யோசனை ஏன் சேரவில்லை என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

முந்தாநாள் பிற்பகல்தான் ஃபெங்கல் புயலாகவே ஆனது. நேற்றிரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. கிருஷ்ணா நகரில் இருக்கும் சித்தப்பா வீட்டில் இடுப்பளவு தண்ணீர் என்று காலையில் சொன்னார்கள், பிறகு லைன் கிடைக்கவில்லை. காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் கரையைக் கடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அது சரியாகவே நடந்தது. எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் சித்தப்பாவின் வீட்டைத் தீர்மானித்தது.

மறுபடி அந்த இரண்டு பத்திகள். ஓர் அடிக்கு ஒரு தடவை பிழை சராசரியாக இரட்டிக்கிறது என்று வைத்துப் பார்த்தேன். ஆயிரத்தில் ஒன்று பத்து தடவை இரட்டித்தால் 1024 மடங்கு, அதாவது ஏறக்குறைய ஒன்று. பத்தாவது அடியில் எல்லாம் கலைந்தது தற்செயல் இல்லை, கணக்குப்படியே கலைந்திருக்கிறது.

இங்கிருந்து ஒரு விஷயம் உறைத்தது. தொடக்க எண்ணை இன்னும் பத்து லட்சம் மடங்கு துல்லியமாக எனக்கு அளந்து கொடுத்தால்? இரண்டை இருபது தடவை பெருக்கினால் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். ஆக, பத்து லட்சம் மடங்கு உழைப்புக்குக் கூலி இருபது அடிதான். முப்பதாவது அடியில் மறுபடி இருட்டு. வானிலையை நாள்வாரியாகச் சொல்வதற்கு இரண்டு வாரம்தான் எல்லை என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அதன் பின்னால் இருப்பது இதுதான். ராடார் பத்து வைத்தாலும் நூறு வைத்தாலும் எல்லை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகரும். அந்தக் கொஞ்சமும் மீனவர் உயிர் என்பதால் வைத்தே ஆக வேண்டும்.

விருப்பப் பாடம் முடிவாகிவிட்டது.

டிசம்பர் 20, வெள்ளி

போன வருஷம் இதே தேதியில் திருநள்ளாற்றில் எங்கள் தெருவில் நடக்க இடமில்லை. 2023 டிசம்பர் 20, சனிப்பெயர்ச்சி. நள தீர்த்தத்திலிருந்து கோயில் வரை தலைகள்தான். இன்று தாத்தா பாம்புப் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு அதை நினைவுபடுத்தினார். கூடவே, மனசில் வைத்திருந்ததையும் கேட்டார்.

"ஏம்மா, ஜனவரி பதினேழுலயே பேந்துட்டாருன்னு அப்ப டிவியில சொன்னாங்க. நம்ம கோயில்ல டிசம்பர்ல கும்புட்டோம். இருக்குறது ஒரு சனிதானே?"

திருநள்ளாற்றுக் கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. டிவி சோதிடர்கள் பெரும்பாலும் திருக்கணிதம். இரண்டுக்கும் நடுவில் அன்று பதினோரு மாத வித்தியாசம். யார் சரி என்று சண்டை போடுவார்கள், மாதக்கணக்கு எப்படி வந்தது என்று யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. நான் போட்டுப் பார்த்தேன்.

நம் பக்கத்து வாக்கிய முறை ஆரியபடர் வழியில் வந்தது. 499-ஆம் ஆண்டைத் தன் காலமாகச் சொல்லும் ஆரியபடீயத்தில், 43,20,000 ஆண்டு கொண்ட ஒரு மகாயுகத்தில் சனி 1,46,564 தடவை சுற்றுகிறது, அந்த யுகத்தின் நாட்கள் 157,79,17,500. வகுத்தால் ஒரு சுற்றுக்கு 10,766.06 நாள். இன்றைய வானியலில் சனியின் ஒரு சுற்று 10,759.2 நாள். வித்தியாசம் ஏழு நாளுக்குச் சற்றுக் குறைவு. கண்ணையும் கோலையும் வைத்து அளந்தவர்கள் இருபத்தொன்பதரை வருஷச் சுற்றில் ஏழு நாள்தான் விலகியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து இன்றுவரை சனி ஏறக்குறைய 52 சுற்று வந்திருக்கும். 52-ஐ 6.84-ஆல் பெருக்கினால் 356 நாள். ஒரு வருஷத்துக்கு ஒன்பது நாள் குறைவு!

நோட்டை மூடிவிட்டு வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பதினோரு மாதம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கக் கணக்கில் தெரிந்துவிட்டது. முழுக்க இதனால்தான் என்று சொல்லமாட்டேன். நடுவில் வந்தவர்கள் திருத்தங்கள் சேர்த்திருக்கிறார்கள். ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்ற அயனாம்சக் கணக்கிலும் வேறுபாடு உண்டு. சனி வக்கிரமாகிப் பின்னே போய் முன்னே வருவதால் ராசி எல்லையைத் தாண்டும் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகும். ஆனாலும் அளவு எங்கிருந்து கிளம்புகிறது என்பது சந்தேகமில்லாமல் தெரிகிறது.

தாத்தாவுக்கு விளக்கினேன். "அப்ப நம்ம பஞ்சாங்கம் தப்பா?" என்றார்.

"தப்புன்னு ஒரே வார்த்தையில சொல்லிட முடியாது தாத்தா. ஆயிரத்தைந்நூறு வருஷமா சனியைத் தொலைக்காம வச்சிருக்கு. தேதியில பின்தங்கியிருக்கு, அது உண்மை."

அவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது.

இப்போது புயல் பத்தியையும் சனிப் பத்தியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். சனியின் பிழை சுற்றுக்கு ஏழு நாள். இரண்டாம் சுற்றில் பதினாலு, பத்தாம் சுற்றில் எழுபது. கூடிக்கொண்டே போகிறது. இதே ஏழு நாள் சுற்றுக்குச் சுற்று இரட்டித்திருந்தால் பதினோரு இரட்டிப்பில் 14,336 நாள் ஆகியிருக்கும், சனியின் ஒரு முழுச் சுற்றையே விழுங்கியிருக்கும். பதினோரு சுற்று என்றால் சுமார் 324 வருஷம். அதாவது தஞ்சைப் பெரிய கோயில் எழும்புவதற்கு முன்பே அந்தப் பஞ்சாங்கத்தால் சனி எந்த ராசியில் இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாமல் போயிருக்கும். பிழை கூடுகிறதா பெருகுகிறதா என்பதுதான் முழு வித்தியாசமும்.

2025 ஜனவரி 18, சனி

பொங்கல் விடுமுறை முடியப் போகிறது. விருப்பப் பாடம் தொடங்கிவிட்டது. சேர்ந்திருப்பவர்கள் குறைவு. ஊசலிலிருந்து ஆரம்பித்தோம். மேடம் மின்விசிறிக் கொக்கியில் நூல் கட்டிப் பூட்டைத் தொங்கவிட்டார்கள். ஒரு அச்சில் கோணம், மறு அச்சில் வேகம். ஊசல் ஆடும்போது பலகையில் ஒரு புள்ளி மூடிய வளைவில் சுற்றுகிறது. மெதுவாக ஆட்டினால் சின்ன வளையம், வேகமாக ஆட்டினால் பெரிய வளையம், ஒரு அளவுக்கு மேல் வேகம் கொடுத்தால் தலைகீழாகப் போய் முழுச்சுற்று. சமன்பாட்டைத் தீர்க்காமலே அதன் எல்லா வாழ்க்கையும் ஒரே படத்தில் தெரிகிறது. தீர்ப்பதை விட்டுவிட்டுப் படம் பார் என்று சொல்லிக்கொடுத்தவரும் புவான்கரேதான்.

வீட்டில் படிக்க மேடம் கொடுத்தது சந்திர வாக்கியங்கள். வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்கள், எழுத்துகளுக்குள் எண்களை ஒளித்து வைத்த சின்னச் சின்னச் சொற்றொடர்கள். ஒரு நாளுக்கு ஒன்று. அன்று சந்திரன் எங்கே நிற்கும் என்பது அதில் இருக்கும். 248 ஏன்? சந்திரன் பூமிக்கு மிக அருகே வந்து மறுபடி அருகே வர 27.55455 நாள் ஆகிறது. ஒன்பது தடவை வந்தால் 247.99. கிட்டத்தட்ட முழு நாள்! அதனால் 248-க்குப் பிறகு பட்டியலை முதலிலிருந்து தொடங்கலாம். மீதி நிற்கும் துளிப் பிழையைச் சரிக்கட்ட 3,031 நாளுக்கு 110 தடவை, 12,372 நாளுக்கு 449 தடவை என்று பெரிய சுற்றுகளை வைத்திருக்கிறார்கள்.

நேற்று இந்த மூன்று பின்னங்களையும் எண்கோட்பாட்டில் படித்த தொடர்பின்ன முறையில் போட்டுப் பார்த்தேன். 248/9, 3031/110, 12372/449. கடைசிப் பின்னத்தை விரித்தால் முதல் இரண்டும் அந்த வரிசையிலேயே விழுகின்றன. எங்கள் பாடத்தில் இது வட்டத்தின் மேல் சுழற்சி என்ற முதல் எடுத்துக்காட்டு. வட்டத்தில் ஒரு புள்ளி ஒவ்வொரு நாளும் ஒரே கோணம் நகர்கிறது. அந்தக் கோணம் பின்னமாக எழுத முடியாததாக இருந்தால் புள்ளி கிளம்பிய இடத்துக்கு ஒருநாளும் சரியாக வராது, ஆனால் எவ்வளவு நெருக்கம் வேண்டுமோ அவ்வளவு நெருக்கமாகத் திரும்பி வரும். எத்தனை நாளில் நெருங்கும் என்பதைத் தொடர்பின்னம் சொல்லும். பஞ்சாங்கம் கணித்தவர்கள் இதைத் தேற்றமாக எழுதிவைக்கவில்லை, நடத்திக்காட்டியிருக்கிறார்கள். பி.எஸ்.சி. பாடத்தில் இந்த இடத்தில் வரருசி பெயர் வர வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

இரட்டை ஊசல் செய்தோம். அண்ணனுக்குத் தெரிந்த லேத் பட்டறையில் இரண்டு அலுமினியப் பட்டைகளை வெட்டி ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள். மூட்டுகளுக்கு சைக்கிள் கடையிலிருந்து இரண்டு பேரிங். மேல் பட்டையின் முனையில் கீழ்ப் பட்டை தொங்கும், அவ்வளவுதான் அமைப்பு. சுவரில் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் வைத்து விட்டோம். தோழி போனில் மெதுவோட்டமாகப் படம் எடுத்தாள். மறுபடி அதே கோட்டில் வைத்து விட்டோம், மறுபடி படம்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டோம். முதல் வீச்சு ஒன்றுபோல. இரண்டாவதும் கிட்டத்தட்ட ஒன்றுபோல. பிறகு கீழ்ப் பட்டை ஒரு படத்தில் தலைக்கு மேல் போய் மறுபுறம் விழுகிறது, இன்னொன்றில் உச்சிவரை போய்த் தயங்கித் திரும்பி வருகிறது. அந்தத் தயக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். உச்சியில் எந்தப் பக்கம் சாய்வது என்பதை முடிவுசெய்தது, கோட்டில் வைக்கும்போது விரல் நகர்ந்த மயிரிழைதான். வகுப்பில் படித்த சேணப்புள்ளி என்பது நேரில் இதுதான்.

இந்தத் துறைக்கு நம் பக்கத்திலேயே ஒரு வீடு இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எம். லட்சுமணன் நேரிலா இயக்கவியலுக்கு ஒரு மையத்தையே வளர்த்திருக்கிறார். 1994-இல் கே. முரளியும் அவரும் லியோன் சுவாவும் சேர்ந்து ஒரு மின்சுற்றை வெளியிட்டார்கள். ஒரு தடை, ஒரு சுருள், ஒரு மின்தேக்கி, சுவா டயோடு, வெளியிலிருந்து ஒரு சைன் அலை, இவ்வளவே. இதற்குள் ஒழுங்கான ஆட்டமும் உண்டு, ஊகிக்க முடியாத ஆட்டமும் உண்டு. உலகம் முழுக்க அதை முரளி–லட்சுமணன்–சுவா சுற்று என்றே சொல்கிறார்கள். லட்சுமணனும் எஸ். ராஜசேகரும் 2003-இல் எழுதிய தடித்த பாடப்புத்தகம் மேடத்தின் மேசையில் இருக்கிறது. காவிரி திருச்சியைத் தாண்டித்தான் கிளை பிரிந்து அரசலாறாக இங்கே வருகிறது. அந்தப் புத்தகம் வகுப்பில் முதன்முதலாகத் திறக்கப்பட்டது இந்த வருஷம்தான் என்பதில் எனக்கு வருத்தம்.

மார்ச் 7, வெள்ளி

செமினார் என் முறை. லெ ஜெந்தீலைப் பற்றிப் பேசினேன். அவர் பிரெஞ்சு வானியலாளர். 1761-இலும் 1769-இலும் வெள்ளி சூரியனைக் குறுக்கே கடக்கும், உலகின் பல இடங்களிலிருந்து அதை அளந்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம் என்று எட்மண்ட் ஹாலி 1716-இலேயே எழுதிவைத்தார். ஹாலி இறந்தது 1742. அவர் போன பிறகும் அவர் சொன்ன தேதி அப்படியே நின்றது.

லெ ஜெந்தீல் 1760-இல் புதுச்சேரிக்குக் கிளம்பினார். அவர் வந்து சேருவதற்குள் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். 1761 ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில். அளக்க வழியில்லை. திரும்பிப் போகாமல் ஏறக்குறைய ஏழு வருஷம் இந்தப் பக்கக் கடல்களிலேயே காத்திருந்து, 1768-இல் புதுச்சேரி வந்து ஆய்வுமேடை கட்டினார். காத்திருந்த நாட்களில் தமிழ்க் கணிதர் ஒருவரிடம் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை வைத்து அதைச் சோதித்தபோது, அது நீடிக்கும் நேரத்தில் தமிழ் முறைக்கு 41 வினாடிதான் பிழை. ஐரோப்பாவில் பெயர் பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணைக்கு 68 வினாடி.

1769 ஜூன் 4 விடியற்காலை. அதற்கு முந்தைய நாட்களெல்லாம் வானம் தெளிவு. அன்று காலை மட்டும் மேகம் மூடியது. வெள்ளி சூரியனைக் கடந்து முடித்த பிறகு விலகியது.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லிவைத்த கோள் தேதி தவறாமல் வந்தது. அன்று காலையின் மேகத்தை முந்தின நாள் ராத்திரிகூட யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே நியூட்டன் விதியில்தான் நகர்ந்தன. இதைச் சொல்லி முடித்தபோது தோழி எழுந்து, "எங்க அப்பா கேட்டதுக்கு இதுதான்டி பதில்" என்றாள்.

மார்ச் 29, சனி

திருக்கணிதப்படி இன்று சனிப்பெயர்ச்சி, கும்பத்திலிருந்து மீனத்துக்கு. வாக்கியப்படி அடுத்த வருஷம், 2026-இல்தான் என்று திருநள்ளாற்றுக் கோயில் நிர்வாகம் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. ஆனாலும் சனிக்கிழமை, வெளியூர் வேன்கள் வந்தபடி இருந்தன. நான் டிசம்பரில் போட்ட கணக்கு இந்தப் பெயர்ச்சிக்கும் பொருந்துகிறது. அதே ஏறக்குறைய ஒரு வருஷம்.

எள் தீபம் ஏற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். "அப்ப கோளெல்லாம் என்னைக்கும் கணக்குக்குள்ளேயே நிக்குமா?" என்று கேட்டார் தாத்தா. நல்ல கேள்வி, பதிலைப் போன வாரம்தான் படித்திருந்தேன். 1989-இல் பாரிஸில் ஜாக் லாஸ்கர் கணித்துக் காட்டியிருக்கிறார். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய உள்கோள்களின் ஆட்டத்திலும் பிழை பெருகத்தான் செய்கிறது. பூமி இன்று எங்கே இருக்கிறது என்பதில் 15 மீட்டர் பிசகினால், ஒரு கோடி வருஷத்தில் அது 150 மீட்டராகும். பத்துக் கோடி வருஷத்தில் 15 கோடி கிலோமீட்டர், அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் நடுவிலுள்ள தூரம்.

"பத்துக் கோடி வருஷமா?" என்றார் தாத்தா. "ஆமா தாத்தா. புயலுக்கு ரெண்டு வாரம், பூமிக்குப் பத்துக் கோடி வருஷம்." அவர் பஞ்சாங்கத்தைத் துண்டால் துடைத்து அலமாரியில் வைத்தார். "சரி, அடுத்த வருஷம் கூட்டத்துக்கு இப்பவே வீட்டுக்கு வெள்ளையடிச்சிடலாம்" என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

சேர்க்கை குறைவாக இருப்பதால் வரும் ஆண்டு இந்த விருப்பப் பாடத்தை நிறுத்தலாமா என்று யோசனை நடப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பதில் போட்டித் தேர்வுக்கு உதவும் ஏதாவது வைக்கலாம் என்கிறார்கள். வேலை முக்கியம் என்பதை நானும் மறுக்கவில்லை, எனக்கும் வேலை வேண்டும். ஆனால் இந்தப் பாடத்துக்கு ஆய்வகம் வேண்டாம், பெரிய கணினி வேண்டாம். உயிரியலாளர் ராபர்ட் மே 1976-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில் கேட்டுக்கொண்டதே இதைத்தான். நான் நவம்பரில் போட்ட அந்த ஒருவரிச் சமன்பாட்டை மாணவர்களுக்குச் சின்ன வயதிலேயே கொடுங்கள், கைக்கணிப்பானே போதும் என்று. எளிய விதியிலிருந்து எளிய விளைவுதான் வரும் என்ற நம்பிக்கை அப்போதுதான் உடையும் என்பது அவர் வாதம். அரசியலுக்கும் பொருளாதாரத்துக்கும்கூட அது வேண்டும் என்றார்.

துறைக்குக் கடிதம் எழுதிவிட்டேன். வகுப்பில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு வகுப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு தாளும் எழுதினேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும். 0.2-இல் தொடங்குங்கள், பத்து அடி போங்கள். பிறகு 0.201-இல் தொடங்குங்கள், பத்து அடி போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு, விருப்பப் பாடப் படிவத்தில் டைனமிக்கல் சிஸ்டம்ஸ் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். போதுமான பேர் சேர்ந்தால்தான் பாடம் நடக்கும்.